பனோஃப்ஸ்கி பிரின்ஸ்டனில் உருவாக்கிய மூன்று படி முறை என்ன?

தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கேள்வியிலேயே ஒரு பிழை இருக்கிறது. அது உங்களுடையதல்ல, பல வழிகாட்டி நூல்களில் உள்ளதுதான். ஓவியங்களின் பொருளை விளக்கும் அந்த முறை அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் பிறக்கவில்லை, ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் பிறந்தது.

கலை வரலாற்றாசிரியர் எர்வின் பனோஃப்ஸ்கி 1892இல் ஹனோவரில் பிறந்தவர். 1914இல் ஃப்ரைபுர்க்கில், ஜெர்மன் ஓவியர் ட்யூரரின் கலைக் கோட்பாடு பற்றி எழுதி முனைவர் ஆனார். அன்றைய ஜெர்மனியில் முனைவர் பட்டம் மட்டும் இருந்தால் பேராசிரியராக முடியாது. ஹாபிலிடேஷன் என்ற இரண்டாவது ஆய்வும் வேண்டியிருந்தது. மைக்கலாஞ்சலோ பற்றி அதை எழுதி 1920இல் ஹாம்பர்க்கில் தகுதி பெற்றார். (காணாமல் போன அந்தக் கையெழுத்துப் படி 2012இல்தான் மியூனிக்கில் ஒரு பெட்டகத்தில் கிடைத்தது.) 1926இல் முழுப் பேராசிரியர். தத்துவவாதி காஸிரரும், கலை, பண்பாட்டு ஆய்வுக்கான வார்பர்க் நூலகமும் அதே ஊரில். மூன்று அடுக்கு விளக்க முறையை அவர் ஜெர்மன் மொழியில் அச்சிட்டது 1932இல். 1939இல் ஆங்கில நூலில் வந்தது அதன் திருத்திய வடிவம்.

1933இல் நாஜிகள் யூதப் பேராசிரியர்களை நீக்கியபோது அவர் நியூயார்க்கில் வருகைப் பேராசிரியர். வேலை போன செய்தி தந்தியில் வந்தது. ஆனாலும் தன் மாணவர்களின் முனைவர் தேர்வை முடித்துவைக்க ஹாம்பர்க் திரும்பினார். பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் சேர்ந்தது 1935இல். அமெரிக்காவின் பங்கை மறுக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ட்யூரர் பற்றிய பெருநூல் அங்கேதான் வந்தது.

முறை இதுதான். முதலில் கண்ணில் படுவதை மட்டும் சொல்ல வேண்டும்: ஒரு பெண், வாள், தட்டில் ஒரு தலை. அடுத்து, எந்தக் கதை என்று நூல்களில் தேட வேண்டும். பனோஃப்ஸ்கி எடுத்துக்காட்டிய, 17ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் மஃபேயியின் இந்த ஓவியத்தில் சிக்கலே இங்குதான். விவிலியக் கதையில் திருமுழுக்கு யோவானின் தலையைத் தட்டில் கேட்டு வாங்கிய சலோமேக்குத் தட்டு பொருந்தும், வாள் பொருந்தாது. எதிரித் தளபதியின் தலையை வெட்டிய யூதித்துக்கு வாள் பொருந்தும். ஆனால் அவள் தலையைப் பையில் போட்டதாகத்தான் நூல். நூல் கைவிட்ட இடத்தில் பனோஃப்ஸ்கி பழைய ஓவியங்களைப் பார்த்தார். 16ஆம் நூற்றாண்டு ஜெர்மனியிலும் வட இத்தாலியிலும் தட்டேந்திய யூதித்துகள் உண்டு, வாளேந்திய சலோமே இல்லை. ஆகவே யூதித்து. மூன்றாம் படி, அந்தக் காலத்தின் சிந்தனை இந்தப் படைப்பில் எப்படி வெளிப்படுகிறது என்பது.

மூன்று கட்ட அட்டவணையாக மட்டும் இதை அச்சிட்டு, ஓர் ஓவியம்கூடக் காட்டாத பாடக்குறிப்புகள் மாணவர்களுக்குச் செய்யும் அநியாயம் கொஞ்சமல்ல. நிலக்காட்சி, அசையாப் பொருள் ஓவியங்களில் இரண்டாம் படி பெரும்பாலும் இல்லாமலே போகும் என்பதையும் பனோஃப்ஸ்கியே எழுதியிருக்கிறார். அங்கே கதையைத் தேடாதீர்கள்.