சாகோஸ் கடலுக்கு ‘மொரீஷியஸ் பாஸ்’: முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: எங்களுக்குச் சொந்தமாக ஒரு தூண்டில் போட்டு (மீன்பிடிப் படகு) இருக்கிறது. டீகோ கார்சியா தீவுகளைப் பிரிட்டன் மொரீஷியஸுக்குக் கொடுத்துவிட்டது, இந்தியா மொரீஷியஸ் பக்கம் நிற்கிறது, அதனால் இனி அந்தக் கடலில் நம் போட்டுகளைப் பிடிக்க மாட்டார்கள் என்று தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் பேசிக்கொள்கிறார்கள். ஒரு ஏஜெண்ட் ‘மொரீஷியஸ் பாஸ்’ எடுத்துத் தருகிறேன் என்று முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகர், வள்ளவிளை)

பதில்: கொடுக்காதீர்கள். அந்தப் பாஸை நம்பி ஓடும் போட்டு பிடிபட்டால் மீனும் போகும், தூண்டிலும் போகும், போட்டே திரும்பாமலும் போகலாம்.

துறைமுகப் பேச்சில் பாதி உண்மை. 1965-ல், மாலத்தீவுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கும் சாகோஸ் தீவுகளை மொரீஷியஸிடமிருந்து பிரித்துப் பிரிட்டன் தன்னிடம் வைத்துக்கொண்டது. அங்குள்ள டீகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளம் வந்தது. அது தவறு, தீவுகள் மொரீஷியஸுக்கே சேர வேண்டும் என்பது இந்தியாவின் நிலைப்பாடு. 2019 மே மாதம் ஐநா பொதுச்சபையில் இது வாக்கெடுப்புக்கு வந்தபோது மொரீஷியஸை ஆதரித்த 116 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2025 மே 22-ல் பிரிட்டனும் மொரீஷியஸும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இந்தியா அதை வரவேற்றது.

இனி மீதிப் பாதி. ஐநாவில் இந்தியா போட்ட ஓட்டு, தீவு யாருடையது என்பதைப் பற்றியது. அந்தக் கடலில் யார் மீன்பிடிக்கலாம் என்று அந்தத் தீர்மானம் பேசவே இல்லை. ஒப்பந்தமும் கையெழுத்தான அன்றே சட்டமாகிவிடாது. இரு நாடுகளும் உள்நாட்டு ஒப்புதலை முடித்து அது நடைமுறைக்கு வரும் வரை அந்தக் கடலில் பழைய பிரிட்டிஷ் சட்டம்தான். 2010-லேயே சுமார் 6,40,000 சதுர கிலோமீட்டரைக் கடல் காப்புப் பகுதியாக அறிவித்து, வணிக மீன்பிடிப்பை முழுக்கத் தடை செய்துவிட்டார்கள்.

சரி, நடைமுறைக்கு வந்த பிறகு? அப்போதும் டீகோ கார்சியா 99 ஆண்டுகளுக்குப் பிரிட்டன் கையில்தான். மற்றத் தீவுகளைச் சுற்றி மொரீஷியஸும் காப்புப் பகுதியைத்தான் வைக்கப் போகிறது. நம் ஆட்களிடம் யாரும் சொல்லாத செய்தி ஒன்று இருக்கிறது. 2025 செப்டம்பரில் மொரீஷியஸ் பிரதமர் வாரணாசிக்கு வந்தபோது இந்தியா அறிவித்த உதவித் தொகுப்பில், சாகோஸ் கடல் காப்புப் பகுதியை உருவாக்கவும் கண்காணிக்கவும் என்றே ஓர் அம்சம் இருக்கிறது. அந்தக் கடலைக் காவல் காக்க இந்தியாவே பணம் தருகிறது. டெல்லி மொரீஷியஸ் பக்கம் நிற்பதால் வள்ளவிளை போட்டுக்கு வழி திறக்கும் என்பவர் அந்த அறிவிப்பைப் படிக்கவில்லை, அல்லது படித்துவிட்டு மறைக்கிறார்.

இந்த ஏஜெண்டுகளின் பேச்சு எப்போதும் ஒரே மாதிரி. பத்திரிகையில் வந்த செய்தியை வாட்ஸ்அப்பில் காட்டுவார்கள், மொரீஷியஸ் கொடி போட்ட ஒரு தாளைக் காட்டுவார்கள், ‘ஐந்து போட்டு சேர்ந்தால் குறைத்துத் தருகிறேன்’ என்பார்கள். ஒரு நாடு வெளிநாட்டுப் படகுக்கு உரிமம் தருவதானால் அந்தப் படகைப் பதிவு செய்த நாட்டின் அனுமதியைக் கேட்கும், செயற்கைக்கோள் கண்காணிப்புக் கருவியைக் கேட்கும். டெல்லிக்குத் தெரியாமல் மார்த்தாண்டத்து லாட்ஜ் அறையில் கைமாறும் தாள் உரிமமே ஆகாது. நம் நாட்டுப் பொருளாதாரக் கடல் எல்லைக்குள் (கரையிலிருந்து 200 கடல் மைல் வரை) மீன்பிடிக்க 2025 நவம்பர் விதிகளின்படி எடுக்க வேண்டிய அக்சஸ் பாஸ் வேறு. அது படகுப் பதிவுக்கான அரசு இணையதளமான ரியல்கிராஃப்ட்டில் இலவசமாகவே கிடைக்கும். அதையும் இதையும் குழப்பித்தான் காசு பிடுங்குகிறார்கள். போட்டு இருக்கும் இடத்தைக் காட்டும் டிரான்ஸ்பாண்டரை அணைத்துவிட்டு ஓடச் சொல்லும் ஏஜெண்டை வாசற்படியிலேயே திருப்பி அனுப்புங்கள்.

‘மாலத்தீவைத் தாண்டினால் சர்வதேசக் கடல்’ என்பது இன்னொரு பொறி. மாலத்தீவின் தென்கோடி அட்டுவுக்கும் சாகோஸின் வடகோடித் தீவுகளுக்கும் இடையே சுமார் 270 கடல் மைல்தான். இரு பக்கத்துக்கும் 200, 200 கடல் மைல் என்று உரிமை இருக்கும்போது நடுவில் பொதுக்கடலுக்கு இடம் ஏது? மொரீஷியஸுக்கும் மாலத்தீவுக்கும் நடுவிலான எல்லைக்கோட்டை சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயம் 2023 ஏப்ரல் 28-ல் வரைந்துகொடுத்துவிட்டது. கோட்டுக்கு வடக்கே நின்றால் மாலத்தீவு பிடிக்கும், தெற்கே நின்றால் சாகோஸ் ரோந்து பிடிக்கும். 200 கடல் மைலுக்கு வெளியே இருப்பது மட்டுமே பொதுக்கடல். அங்கேயும் எல்லையை ஒட்டித் தூண்டில் விடாதீர்கள். மணிக்கு 2 கடல் மைல் ஓடும் நீரோட்டத்தில், இரவு விட்ட ஆயிரங்கால் தூண்டில் (நீளக் கயிற்றில் வரிசையாகத் தொங்கும் தூண்டில்கள்) 8 மணி நேரத்தில் 16 கடல் மைல் நகர்ந்துவிடும். போட்டு வெளியே, தூண்டில் உள்ளே என்றாலும் குற்றம்தான். ஜிபிஎஸ்ஸில் எல்லைக்கு 25 கடல் மைல் முன்பே அலாரம் வையுங்கள்.

ஒரே ஒரு விலக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் தப்பாகப் பயன்படுத்திக் கெடுக்கிறார்கள். எஞ்சின் நின்றோ புயலில் சிக்கியோ உள்ளே போய்விட்டால் அதற்கு அவலநிலை என்ற பாதுகாப்பு உண்டு. ஒக்கிப் புயலைப் பார்த்த ஊர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் வாயால் சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள், கோளாறான அந்த நேரத்திலேயே சாட்சி உருவாக வேண்டும். முதலில் அவசர சமிக்ஞைக் கருவியை அழுத்துங்கள், விஎச்எஃப் ரேடியோவில் 16-ஆம் சேனலில் கூப்பிடுங்கள், சாட்டிலைட் போன் இருந்தால் கரைக்குச் சொல்லி நேரத்தைக் குறித்துக்கொள்ளச் செய்யுங்கள். கரையில் இருப்பவர் கடலோரக் காவல்படையின் 1554-க்கு உடனே சொல்ல வேண்டும். தூண்டிலை முழுக்க மேலே எடுத்துச் சுருட்டிக் கட்டிவையுங்கள். மணிக்கு ஒருமுறை நிற்கும் இடத்தை நோட்டில் எழுதுங்கள். கெட்டுப்போன பம்பையோ கியர் பாகத்தையோ கடலில் எறியாதீர்கள், அதுதான் உங்கள் முதல் சாட்சி. ரோந்துக் கப்பலைக் கண்டதும் ஓடாதீர்கள். அவர்கள் ஏறியதும் பார்ப்பது பிளாட்டரில் (போட்டு போன பாதையைக் காட்டும் கருவி) பதிவான தடத்தைத்தான். எஞ்சின் நின்ற போட்டின் தடம் நீரோட்டத்தோடு ஒரே போக்கில் போகும். மூன்று நாள் முன்னும் பின்னும் ஓடிய தடமும், ஐஸ் அறையில் அன்று பிடித்த சுறாவும் இருந்தால் ‘எஞ்சின் கோளாறு’ என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

பிடிபட்டால் நடப்பது இது: டீகோ கார்சியாவுக்கு இழுத்துப்போவார்கள், வழக்கு, அபராதம். பவுண்டில் விதிக்கும் அபராதத்தைக் கட்டும் வரை போட்டு அங்கேயே. ஐநா கடல் சட்ட உடன்படிக்கையின் 73-ஆம் பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது: பொருளாதாரக் கடல் எல்லையில் மீன்பிடிக் குற்றத்துக்கு, நாடுகளுக்கிடையே தனி உடன்பாடு இல்லாவிட்டால், சிறை கூடாது, நியாயமான பிணைத்தொகை கட்டினால் படகையும் ஆட்களையும் விரைந்து விட வேண்டும், பிடித்ததைப் படகின் நாட்டுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தூதரகத்துக்கு எழுதும் மனுவில் இந்தப் பிரிவு எண்ணை எழுதுங்கள். டீகோ கார்சியாவில் இந்திய அலுவலகம் கிடையாது, அந்தப் பகுதியின் நிர்வாகமே லண்டனில் இருப்பதால் பேச்சும் லண்டனிலுள்ள இந்தியத் தூதரகம் வழியாகத்தான்.

இங்கேதான் வயிறு எரிகிறது. மனு மீன்வளத்துறை உதவி இயக்குநரிடம் தொடங்கி ஆட்சியர், சென்னை, டெல்லி என்று ஊர்ந்து லண்டனுக்குப் போவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். போட்டு தமிழ்நாட்டுப் பதிவு, புறப்பட்டது கொச்சி என்றால் இரு மாநிலத் துறையும் ஒன்றையொன்று கைகாட்டும். கடலில் கிடப்பவனுக்கு எந்த மாநிலக் கோப்பு என்பதா முக்கியம்? அவர்கள் மாறும் வரை காத்திருக்க முடியாது, நீங்கள் தயாராக இருங்கள். பதிவுச் சான்று, காப்பீடு, ஒவ்வொருவரின் அடையாள அட்டை, வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர் உட்பட உண்மையில் ஏறியவர்களின் பட்டியல், இவற்றின் நகல் புறப்படும் அன்றே வீட்டில் இருக்க வேண்டும். பட்டியலில் பத்துப் பேர், படகில் பன்னிரண்டு பேர் என்றால் அந்த இருவரின் விடுதலைதான் கடைசியாக வரும்.

பழைய போட்டு வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிடிபட்ட படகின் பெயர் இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையத்தின் சட்டவிரோதப் படகுகள் பட்டியலில் ஏறலாம், இந்தியப் படகுகள் அதில் ஏறியும் இருக்கின்றன. பெயரையும் பெயின்டையும் மாற்றி விற்றாலும் அந்தக் கறை போகாது. அதிலிருந்து எடுக்க இந்திய அரசே ஆணையத்திடம் கேட்க வேண்டும். விலை பேசும் முன் பட்டியலை இணையத்தில் பாருங்கள், பதிவு எண்ணையும் எஞ்சின் எண்ணையும் சான்றோடு ஒப்பிடுங்கள்.

ஏஜெண்டுக்கு ஏற்கெனவே ஏதாவது கொடுத்துவிட்டீர்கள் என்றால், பணம் அனுப்பிய ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு நாகர்கோவிலில் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள், மனு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.