ஆண்ட்ரோமீடா மோதுமா, மோதாதா?

வானம் பார்த்த கேள்விகள்: ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவரின் பதில் பகுதி

ஆண்ட்ரோமீடா கேலக்ஸி வந்து மோதி நாமெல்லாம் அழியப்போகிறோம் என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா ஒரு வீடியோ போட்டிருக்கிறார். உண்மையா சார்?
– வாசகி ஒருவர், விருதுநகர்

மாமாவை நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள். கேலக்ஸி என்றால் கோடானுகோடி நட்சத்திரங்களின் கூட்டம்; நம் சூரியன் இருக்கும் கேலக்ஸிக்குப் பால்வெளி என்று பெயர். ஆண்ட்ரோமீடா 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. அது நம் பக்கம் வருவது புதுச் செய்தியும் அல்ல. அமெரிக்காவின் லோவெல் வானாய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் 1912-லேயே அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்து, நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கம் நகர்ந்திருப்பதைக் கண்டுவிட்டார்; நம்மை நெருங்கி வரும் பொருளின் ஒளிதான் அப்படி நகரும். அது ஒரு தனி கேலக்ஸி என்பதே உறுதியாகாத காலம் அது. சூரியன் பால்வெளியைச் சுற்றும் வேகத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், இரண்டு கேலக்ஸிகளும் நொடிக்குச் சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குகின்றன.

நேராக வந்து இடிக்குமா, ஒதுங்கிப் போய்விடுமா என்பதுதான் வழக்கு. ஹபிள் தொலைநோக்கி அளவீடுகளை வைத்து 2012-ல் ஒரு குழு, பக்கவாட்டு வேகம் மிகக் குறைவு, 400 கோடி ஆண்டில் மோதல் நிச்சயம் என்றது. மாமாவின் வீடியோ அந்தக் காலத்துச் சரக்கு. 2025-ல் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தின் டில் சவாலாவும் கூட்டாளிகளும் அதே கணக்கைக் கணினியில் ஒரு லட்சம் முறை ஓட்டிப் பார்த்தார்கள். இந்த முறை, நம் துணைக் கேலக்ஸியான பெரிய மெகல்லன் மேகத்தின் இழுப்பையும் அளவீடுகளில் உள்ள பிழை வரம்புகளையும் ஒளிக்காமல் சேர்த்தார்கள். அடுத்த 1000 கோடி ஆண்டுக்குள் இரண்டும் இணைய வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று விடை வந்தது. அந்தப் பழைய ‘நிச்சய’த்தைவிட எனக்கு இதுதான் நேர்மையான பதிலாகப் படுகிறது.

எப்படியும் சூரியன் மெல்ல மெல்லச் சூடேறி, இன்னும் சுமார் 100 கோடி ஆண்டில் பூமியின் கடல்களை வற்றவைத்துவிடும். ஆண்ட்ரோமீடா வரும்போது இங்கே வேடிக்கை பார்க்க ஆள் இருக்காது.

மோதினாலும் நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று இடிக்காது என்று படித்தேன். அப்படியானால் இரண்டு கேலக்ஸியும் ஊடுருவி அந்தப் பக்கம் போய்விட வேண்டியதுதானே? ஏன் ஒன்றாகச் சேர்கின்றன?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, போடிநாயக்கனூர்

சபாஷ்! கல்லூரியில் முதுநிலை வகுப்பிலேயே இந்த இரண்டாவது பாதியை யாரும் கேட்க மாட்டார்கள்.

முதல் பாதி சரி. சூரியனை ஒரு கடுகாக வைத்து, அதைச் சென்னை சென்ட்ரல் வாசலில் போட்டால், அடுத்த கடுகு ஏறத்தாழ மாமல்லபுரத்தில் கிடக்கும். இவ்வளவு காலியிடத்தில் எது எதை இடிப்பது? ஆனால் நட்சத்திரங்களுக்கு இடையே பரவியிருக்கும் வாயு மேகங்கள் தப்பாது. அவை மோதி, நெரிந்து, அடர்ந்து, கூட்டம் கூட்டமாகப் புது நட்சத்திரங்களைப் பெற்றெடுக்கும்.

இரண்டாவது பாதிக்குப் பதில் சொன்னவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். வெள்ளைக் குள்ளன் நட்சத்திரங்கள், நோபல் பரிசு என்று அவரைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். 1943-ல் வந்த இந்தக் கட்டுரையை நம்மூரில் யாரும் கண்டுகொள்வதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. கனமான ஒரு பொருள் நட்சத்திரக் கூட்டத்துக்குள் புகுந்து போகிறது என்று வையுங்கள். அதன் ஈர்ப்பு சுற்றியுள்ள நட்சத்திரங்களைத் தன் பக்கம் இழுக்கும். அவை வந்து சேர்வதற்குள் அது முன்னே நகர்ந்திருக்கும். அதனால் கூட்டம் எப்போதும் அதன் முதுகுக்குப் பின்னால்தான் சேரும். அந்தக் கூட்டத்தின் ஈர்ப்பு அதைப் பின்னோக்கி இழுக்கும். எதுவும் எதையும் தொடாமலே உராய்வு! இயக்க உராய்வு என்று இதற்குப் பெயர்.

சந்திரசேகர் இதை எழுதியது நட்சத்திரக் கொத்துகளை மனதில் வைத்து. கேலக்ஸிகளுக்கும் அதே கணக்குதான். அங்கே கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளும் சேர்ந்துகொள்வதால் இழுப்பு இன்னும் பலம். முதல் முறை ஊடுருவிப் போகும் கேலக்ஸி வேகத்தை இழந்து திரும்பும், மறுபடி புகும், மறுபடி இழக்கும். முன்பு ஒட்டுமொத்தமாக ஓடிய ஓட்டம் கடைசியில் தனித்தனி நட்சத்திரங்களின் தாறுமாறான ஓட்டமாகக் கரைந்துவிடும். அதனால்தான் இரண்டு பெரிய சுருள் கேலக்ஸிகள் இணைந்தால் பெரும்பாலும் சுருள் கைகள் கலைந்து, முட்டை வடிவ உருண்டை ஒன்று மிஞ்சுகிறது.

கோடிக்கணக்கான ஆண்டு நடக்கும் விஷயத்தை உட்கார்ந்து பார்த்த மாதிரி எழுதுகிறீர்களே, எப்படித் தெரியும்?
– வங்கி ஊழியர், தஞ்சாவூர்

குத்தலான கேள்வி, ஆனால் நியாயமானது. கணினி வருவதற்கு முன் ஸ்வீடனில் எரிக் ஹோம்பெர்க் செய்த வேலையைச் சொல்கிறேன், கேளுங்கள். 1941-ல் வெளியான ஆய்வு அது. ஒரு கேலக்ஸிக்கு 37 மின்விளக்கு, இரண்டுக்கும் சேர்த்து 74. வளையம் வளையமாக அடுக்கினார். ஒளி, தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறையும். ஈர்ப்பு விசையும் அப்படியே. அதனால் ஒரு விளக்கு இருக்கும் இடத்தில் ஒளிமின்கலத்தை வைத்து, எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று அளந்தால், அந்த ‘நட்சத்திரத்தை’ எந்தப் பக்கம் எவ்வளவு விசை இழுக்கிறது என்று தெரிந்துவிடும். விசைக்கேற்ப விளக்கைக் கொஞ்சம் நகர்த்துவார். அடுத்த விளக்கு. எல்லாம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. நெருங்கிப் போகும் கேலக்ஸிகளிலிருந்து கைகள் நீளுவதும், ஒன்று மற்றொன்றிடம் மாட்டிக்கொள்ளக்கூடும் என்பதும் அவருக்குத் தெரிந்தன. என்ன பொறுமை!

1972-ல் ஆலார் தூம்ரே, யூரி தூம்ரே என்ற சகோதரர்கள் இதைக் கணினியில் செய்தார்கள். வானத்தில் ஏற்கெனவே புகைப்படம் எடுத்து வைத்திருந்த கேலக்ஸிகளின் விசித்திர வால்கள் அப்படியே திரையில் முளைத்தன. ஆன்டெனா கேலக்ஸிகள் என்று ஒரு ஜோடி உண்டு. பூச்சியின் உணர்கொம்பு மாதிரி இரண்டு நீண்ட வால். நம் பஞ்சாங்கத்து அஸ்த நட்சத்திரம் இருக்கும் காக்கை விண்மீன் கூட்டத்தின் திசையில்தான் அது இருக்கிறது. இப்படி முட்டிக்கொள்ள ஆரம்பித்தது, பாதி கலந்தது, ஏறக்குறைய கலந்து முடிந்தது என ஒவ்வொரு கட்டத்திலும் வானத்தில் ஜோடிகள் கிடைக்கின்றன. ஒன்றையே உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை, வரிசைப்படுத்தினால் போதும்.

நம் பால்வெளி இதற்கு முன் எதையாவது விழுங்கியிருக்கிறதா?
– ஆட்டோ ஓட்டுநர், மதுரை

விழுங்கியிருக்கிறது, விழுங்கிக்கொண்டும் இருக்கிறது. சுமார் 1000 கோடி ஆண்டுக்கு முன் உள்ளே வந்த ஒரு கேலக்ஸியின் மிச்ச நட்சத்திரங்களை, நட்சத்திரங்களின் இடத்தையும் ஓட்டத்தையும் அளந்த கையா விண்கலத்தின் தரவுகளிலிருந்து 2018-ல் அடையாளம் கண்டார்கள். அவற்றின் பாதையே மற்றவற்றிலிருந்து வேறுபட்டிருக்கிறது. 1994-ல் கண்டுபிடித்த தனுசுக் குறுங்கேலக்ஸி இப்போது நார் நாராகக் கிழிந்துகொண்டிருக்கிறது. மேலே சொன்ன பெரிய மெகல்லன் மேகத்துக்கும் இன்னும் 200 கோடி ஆண்டு வாக்கில் இதே கதிதான்.

ஆண்ட்ரோமீடாவை வீட்டிலிருந்து பார்க்க முடியுமா? என்ன தொலைநோக்கி வாங்கலாம்?
– வாசகர் ஒருவர், பெரம்பலூர்

தொலைநோக்கி வேண்டாம். 10×50 பைனாகுலர் ஒன்று போதும். ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு அடைமழை. மார்கழி அமாவாசையை ஒட்டி, ஊர் வெளிச்சம் இல்லாத இடத்தில், இரவு ஏழரை மணி வாக்கில் பாருங்கள். பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்து மேற்கே ஒரு பெரிய சதுரம் போடும். அதன் வடகிழக்கு மூலை நட்சத்திரத்திலிருந்து அதே திசையில் இரண்டு நட்சத்திரம் தள்ளிப் போய், அங்கிருந்து வடமேற்கே திரும்பி இன்னும் இரண்டு மங்கலான நட்சத்திரம். அதன் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல். அவ்வளவுதான். என் மொட்டை மாடிக்கு வரும் பிள்ளைகள், “லென்ஸைத் துடைங்க சார்” என்பார்கள். பத்திரிகைப் படங்களில் வரும் வண்ணத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கண்ணை இருட்டுக்குப் பழக்க இருபது நிமிடமாவது கொடுங்கள், செல்போனைச் சட்டைப் பையிலேயே வையுங்கள்.