காந்தம் ஒட்டாவிட்டால் அசல் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஆகிவிடுமா?

அண்ணாச்சி, என் 20 அடி பாய்மர ஃபைபர் படகில் பாய்க்கயிற்றை இழுக்கும் பழைய வின்ச் இரண்டையும் மாற்ற வேண்டும். கடையில் 6, 16, 30 என்று நம்பர் சொல்கிறார்கள். பெரியதையே வாங்கிவிடவா? (உவரி)

வேண்டாம். அந்த நம்பர் இழுவிசை எத்தனை மடங்காகும் என்பதைச் சொல்வது. 16 என்றால் கைப்பிடியில் 10 கிலோ விசை கொடுக்கும்போது, உராய்வைக் கழிக்காமல், கயிற்றில் 160 கிலோ. உங்கள் முன்பாய்க்கு 6 முதல் 16 வரை போதும். 30 வீண் எடை, வீண் செலவு.

பழைய வின்ச்சின் அடிவட்டம், போல்ட் துளைகளின் இடைவெளி, கயிற்றின் தடிமன் மூன்றையும் அட்டையில் வரைந்து கடைக்குக் கொண்டுபோங்கள். கைப்பிடிக் குழி இன்று பெரும்பாலும் 17.5 மி.மீ.; பழைய கைப்பிடி சேருமா என்று அங்கேயே போட்டுப் பாருங்கள். துளைகள் பொருந்தாவிட்டால் பழையதை அகலப்படுத்தி, எபாக்ஸி பசை நிரப்பி, இறுகிய பிறகு புதிதாகத் துளையிடுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் டெக்கின் (படகின் மேல்தளத்தின்) நடுவில் இருக்கும் பிளைவுட்டுக்குள் தண்ணீர் இறங்கி அழுகும். டெக்குக்கு அடியில் 12 மி.மீ. மரைன் பிளைவுட் பலகையும் பெரிய வாஷரும் கட்டாயம். கயிறு, அது சுற்றும் டிரம்முக்குச் சற்றுக் கீழிருந்து, 5 முதல் 8 டிகிரி சாய்வில் ஏறி வரட்டும். மேலிருந்து வந்தால் சுற்றின்மேல் சுற்று ஏறிச் சிக்கிக்கொள்ளும்.

துளைகளை அடைக்க பாத்ரூம் சிலிக்கான் போதுமா? (கூட்டப்புளி)

போதாது. படகுக்கென்று வரும் பாலியூரிதேன் சீலன்ட் வாங்குங்கள்.

வின்ச்சுக்கு வாங்கிய எஸ்.எஸ். போல்ட் ஆறே மாதத்தில் துரு. கடைக்காரர் காந்தம் வைத்துக் காட்டித்தான் விற்றார். கேட்டால், “உப்புக்காத்து, நாங்க என்ன செய்ய?” என்கிறார். பில்லில் ‘விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாது’ என்று இருக்கிறது. (கூத்தங்குழி)

இந்தக் காந்த வித்தையை எத்தனை கடைகளில்தான் காட்டுவார்கள்! எஸ்.எஸ்.ஸில் 202, 304, 316 என்று ரகங்கள் உண்டு; மூன்றிலுமே காந்தம் அநேகமாக ஒட்டாது. 202 என்பது நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவுச் சரக்கு, கடலோரத்தில் தாங்காது. என் வீட்டுக் கேட்டுக்கு எஸ்.எஸ். என்று விற்கப்பட்ட கீல்களும் 202தான். 304 சமையல்கட்டுக்குச் சரி. கடலுக்கு 316, அதிலுள்ள 2 முதல் 3 சதவீத மாலிப்டினம்தான் உப்பைத் தாங்குகிறது. போல்ட் தலையில் பாருங்கள்: ஏ2 என்றால் 304 வகை, ஏ4 என்றால் 316 வகை. ஒன்றுமே பொறிக்காத போல்ட்டைத் தொடாதீர்கள். பில்லிலும் ‘316’ என்று எழுதி வாங்குங்கள்.

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், விடாதீர்கள். பழுதான பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். அந்தக் கெடு போனாலும் பழுதுக்காக வழக்குப் போட 2 ஆண்டு அவகாசம் உண்டு. “தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோரே இல்லை” என்பார்கள். சொந்த உழைப்பில் பிழைப்பதற்காக வாங்கியவரும் நுகர்வோர்தான். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். தீராவிட்டால் நெல்லை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. துருவேறிய போல்ட்களையும் பில்லையும் பத்திரமாக வையுங்கள்.

சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கிய வின்ச்சில் கைப்பிடி பின்னால் சுழன்று மணிக்கட்டில் அடித்துவிட்டது. (இடிந்தகரை)

முதலில் கையை மருத்துவரிடம் காட்டுங்கள், தம்பி. அந்தச் சீட்டு பிறகு சாட்சியாகவும் உதவும். வின்ச்சுக்குள் சக்கரப் பல்லைப் பிடிக்கும் சின்னக் கவ்விகளில் கிரீஸ் அப்பியிருப்பார்கள். அது இறுகி, ஸ்பிரிங் தள்ளினாலும் கவ்வி விழாது, பல் நழுவும். எல்லாவற்றையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, கவ்விக்கும் ஸ்பிரிங்குக்கும் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு மட்டும் விடுங்கள். கிரீஸ் கியருக்கும் உருளைக்கும்தான், அதுவும் மெல்லிசாக. கழற்றும்போது சுற்றிலும் அட்டைப்பெட்டி வைத்துக்கொள்ளுங்கள், ஸ்பிரிங் தெறித்துக் கடலில் விழும். ஸ்பிரிங்குகளைப் புதிதாகவே மாற்றுங்கள். அந்தச் செலவையும் மருத்துவச் செலவையும் சர்வீஸ் செய்தவரிடம் எழுத்தில் கேளுங்கள். இது சேவைக் குறைபாடு.

படம் பார்த்து, கயிற்றைத் தானே கவ்வும் வின்ச் வாங்கினேன். என் 14 மி.மீ. கயிறு அதில் நுழையவில்லை. கடை மேல் புகார் கொடுக்கலாமா? (பெருமணல்)

8 முதல் 12 மி.மீ. வரை என்று விளம்பரத்திலேயே போட்டிருப்பதை நீங்களே அனுப்பியிருக்கிறீர்கள். புகாருக்கு இடமில்லை. 12 மி.மீ. கயிறு வாங்குங்கள்.