தமிழ்நாட்டு அரசு ஸ்கூல்ல தமிழ், இங்கிலீஷ் தவிர வேற மொழியில படிக்க முடியுமா?

முடியும், நிறைய பேருக்கு இது தெரியாது. ஓசூர் பக்கம் தெலுங்கு, கன்னடம், தாளவாடில கன்னடம், ஆம்பூர் வாணியம்பாடி பக்கம் உருது, கன்னியாகுமரில மலையாளம்னு மீடியம் இருக்கு. 1956ல மொழிவாரியா மாநிலம் பிரிச்சப்ப கோடு ஒரு பக்கம் ஜனம் ஒரு பக்கம்னு ஆகிப்போச்சு, அதே வருஷம்தான் அரசியல் சட்டத்துல 350ஏ-ங்கிற பிரிவைச் சேர்த்து, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைங்களுக்கு ஆரம்பக் கல்வியாவது தாய்மொழில கிடைக்க மாநிலங்கள் வசதி பண்ணணும்னு சொன்னாங்க.

அப்புறம் 2006ல, பத்தாவது வரைக்கும் தமிழ் கட்டாயப் பாடம்னு தமிழ் கற்றல் சட்டம் வந்துச்சு. 2006-07ல ஒண்ணாம் கிளாஸ்ல ஆரம்பிச்சு வருஷம் ஒரு கிளாஸா ஏறி 2016 பத்தாவது பரீட்சைக்கு வந்தப்பதான் சிக்கலே. வீட்ல தெலுங்கு, கணக்கு அறிவியல் எல்லாம் தெலுங்கு மீடியம், தெருவுல தமிழ் சரளமா பேசுற பையன், ஆனா தமிழ் பேப்பர்ல செய்யுள் எழுதச் சொன்னா முழிக்கிறான். தமிழ் வாத்தியாரே சரியா போடலன்னு கோர்ட்டுக்குப் போய் விலக்கு வாங்கினாங்க. தமிழ் படிக்கணும்ங்கிறதுல எனக்கு மாற்றுக்கருத்தே இல்ல, ஆனா வாத்தியார போடாம பரீட்சை மட்டும் வைக்கிறது அநியாயம். உங்க பிள்ளைய சேர்க்கிறதா இருந்தா, மீடியம் போர்டுல இருக்கான்னு மட்டும் பாக்காதீங்க, அந்த மொழிக்கு இப்ப டீச்சர் இருக்காங்களா, மேல எந்த கிளாஸ் வரைக்கும் இருக்குன்னு ஹெச்எம்கிட்ட கேட்டுக்கோங்க.