உவரியிலிருந்து மட்டக்குதிரையில் கடலோரமாகப் போகலாமா?

பாளையங்கோட்டை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: அயர்லாந்தின் மேற்குக் கரையில் கனமரா மட்டக்குதிரைகளில் ஏறிக் கடலோரமாகவே ஒரு வாரம் சுற்றுகிறவர்களை வீடியோவில் பார்த்தோம். திசையன்விளைப் பக்கம் என் பெரியப்பா மகன் இரண்டு மட்டக்குதிரைகளை வண்டிப் பந்தயத்துக்காக வளர்க்கிறார். பொங்கல் விடுமுறையில் உவரியிலிருந்து திருச்செந்தூர் வரை நாங்கள் நாலு பேரும் மாறி மாறி ஏறிப் போக முடியுமா? நான் 61 கிலோ, கணவர் 84. மகளுக்கு 12 வயது, 35 கிலோ. மகனுக்கு 10 வயது, 28 கிலோ. என்னென்ன ஏற்பாடு வேண்டும்?

போகலாம் அம்மா. ஆனால் ஏறுவது பிள்ளைகள் இரண்டு பேர் மட்டும்தான். நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் கூடவே நடந்து வரவேண்டும். போகிற தூரத்தையும் மணப்பாட்டோடு முடித்துக்கொள்ளுங்கள். கால்நடை மருத்துவராக இருந்தவன் என்பதால் குதிரையின் பக்கம் நின்றுதான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எடைக் கணக்கு. முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி டேப் வைத்துச் சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். தோள் முனையிலிருந்து பின்புற முனை வரை நீளத்தையும் எடுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் குதிரையின் எடை கிலோவில் ஏறக்குறைய வந்துவிடும். சுற்றளவு 140, நீளம் 135 என்றால் 223 கிலோ. நம் பக்கத்து மட்டம் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும். அதன் முதுகில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது. அதாவது சேணத்தையும் சேர்த்து 44 கிலோ. சேணம் ஆறு கிலோ என்று வைத்தாலும் மகள் அதற்குள் வந்துவிடுகிறாள். நீங்கள் வரமாட்டீர்கள்.

அங்கே பெரியவர்கள் ஏறுகிறார்களே என்று கேட்பீர்கள். கனமரா குதிரை 128 முதல் 148 சென்டிமீட்டர் உயரம், அகன்ற முதுகு, திரண்ட கால். பாறையும் சதுப்புமான நிலத்தில் ஏர் இழுக்கவும் கடற்பாசி சுமக்கவும் வைத்திருந்த இனம். 1923ல் அதற்கென்று சங்கம் தொடங்கி, வம்சாவளி எழுதிப் பேணி வருகிறார்கள். நம் நாட்டில் மணிப்புரி, ஸ்பிதி, ஜான்ஸ்காரி என்று மட்ட இனங்கள் பதிவாகியிருக்கின்றன. நம் ஊர் மட்டம் கலப்பு. அதிலும் உங்கள் அண்ணன் வைத்திருப்பவை வண்டிக்குப் பழகியவை. இழுப்பது வேறு, சுமப்பது வேறு. குரல் எப்போதும் பின்னாலிருந்து வந்து பழகிய குதிரைக்கு முதுகில் ஆள் உட்கார்ந்தால் மிரட்சி வரும். அதனால் டிசம்பர் தொடக்கத்திலேயே பழக்க ஆரம்பியுங்கள். முதல் இரண்டு வாரம் வெறும் சேணம், பிறகு மணல் மூட்டை, அப்புறம்தான் பிள்ளை. கயிற்றைக் குதிரை நன்றாக அறிந்த அண்ணனே பிடிக்கட்டும். பிள்ளைகளுக்குத் தலைக்கவசமும் குதிகால் வைத்த செருப்பும் கட்டாயம். வெறும் ரப்பர் செருப்பு, கால் வைக்கும் வளையமான அங்கவடிக்குள் வழுக்கி மாட்டிக்கொள்ளும், விழுந்தால் இழுத்துக்கொண்டே ஓடும்.

அடுத்தது மணல். என் பெரிய கவலை இதுதான். அட்லாண்டிக் கரையில் கடல் வற்றும்போது வெகுதூரம் உள்வாங்கி, இறுகிய ஈர மணலை விட்டுப் போகும். ஓமி என்ற தீவுக்கு வற்றின நேரத்தில் நடந்தே போய்விடலாம். நம் கடலோ ஒரு மீட்டர்கூட ஏறி இறங்குவதில்லை. ஆகவே கால் புதையாத ஈரப் பட்டை சில அடி அகலம்தான் கிடைக்கும். அதற்கு மேலே எல்லாம் பொதி மணல். பொதி மணலில் குளம்பு புதைந்து எழும் ஒவ்வொரு தடவையும் முழங்காலுக்குக் கீழே பின்பக்கத் தசைநாண் இழுபடும். அது ஒருமுறை வீங்கினால் மாதக்கணக்கில் கட்டிப்போட வேண்டியிருக்கும். ஈரப் பட்டையிலேயே, நடையாகவே போங்கள். ஓட்டம் வேண்டவே வேண்டாம், வீடியோவில் பார்த்ததை மறந்துவிடுங்கள். செம்மணல் மேடான தேரிக்குள்ளும் இறக்காதீர்கள். பேரிலேயே குதிரை இருக்கிற குதிரைமொழித் தேரியை ஆசைக்குப் பார்க்க வேண்டுமானால் காரில் போய் வாருங்கள்.

மீனவ ஊர்களில் கரையெல்லாம் கயிறு. படகைக் கட்டிய கயிறு மணலுக்குள் மறைந்து கிடக்கும். கரைவலை இழுக்கிற நேரம் ஆட்கள் வரிசையாக நின்று இழுக்கும் கயிறு கரைக்குக் குறுக்கே விறைத்து நிற்கும். வலையும் கருவாடும் காய்கிற இடத்தில் குளம்பு பட்டால் அவர்கள் பிழைப்பு கெடும். உவரி, கூடுதாழை, பெரியதாழை, மணப்பாடு என்று ஒவ்வொரு ஊர்க் கமிட்டியிடமும் முன்கூட்டியே நேரில் போய்ச் சொல்லி, எந்த வழியாகப் போகலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடலோரக் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை. ஊருக்குள் பிள்ளைகளை இறக்கிக் குதிரையைக் கையில் பிடித்து நடத்துங்கள், நாய்கள் துரத்தும். குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அந்த வட்டாரத்தில் வேலியோ அறிவிப்புப் பலகையோ கண்டால் கரையை விட்டுச் சாலைக்கு வந்துவிடுங்கள்.

உவரியிலிருந்து பெரியதாழை 11 கிலோமீட்டர்போல வரும். அங்கிருந்து மணப்பாடு அதேபோல இன்னொரு பத்து. மூன்று நாளை இதற்கே வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நாள் நடை, ஒரு நாள் ஓய்வு, மறுநாள் நடை. விடிந்ததும் கிளம்பி ஒன்பதரைக்குள் நிழலுக்கு வந்துவிடவேண்டும், மீதியைச் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் நடக்கலாம். திருச்செந்தூர் வேண்டாம் என்பதற்குக் காரணம் தை மாதக் கூட்டம், பூசத்துக்குப் பாதயாத்திரை வருகிறவர்கள் வழியெல்லாம் இருப்பார்கள். காணும் பொங்கலன்று கடற்கரைக்கே குதிரையைக் கொண்டுபோகாதீர்கள்.

தண்ணீர் குதிரை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர் கணக்கு வையுங்கள். கரையோரக் கிணறுகள் பல உப்பு, ஆகவே டிரம்மில் கொண்டுபோவதே நல்லது. கொள்ளை ஊறவைத்துத் தொட்டியில் கொடுங்கள். தரையில் கொட்டினால் தீனியோடு மணலும் வயிற்றுக்குள் போய்ச் சூலை பிடிக்கும், கடலோரத்தில் இது உயிரையே வாங்கும். தீனியோடு ஒரு கரண்டி உப்பு சேருங்கள், வியர்வையில் போனது திரும்பட்டும். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, இதே கரையில் காயல் துறையில் ஏடனிலிருந்தும் ஓர்முஸிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் வந்ததை எழுதியிருக்கிறார். இந்த நாட்டில் குதிரைகள் நிலைக்காமல் செத்துப்போகின்றன, பார்க்கத் தெரிந்தவர்கள் இல்லை, சோறும் இறைச்சியும் சமைத்துப் போடுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு சங்கடப்படும்.

ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு டிசம்பரிலேயே இரண்டையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். டெட்டனஸ் ஊசியும் கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். கிளாண்டர்ஸ் குதிரைக்கு வரும் தொற்றுநோய், மனிதருக்கும் தொற்றக்கூடியது, முடிவு வர நாளாகலாம். லாடத்தை ஒரு வாரம் முன்னால் புதிதாக அடித்துவிடுங்கள். மணப்பாட்டுப் பாறையில் லாடம் வழுக்கும், குன்றின்மேல் இருக்கிற சிலுவைக் கோவிலுக்குக் குதிரையைக் கீழே கட்டிவிட்டு நடந்தே ஏறுங்கள்.

ஒவ்வொரு நடை முடிந்ததும் தாடை எலும்புக்கு உட்புறம் விரல் வைத்து நாடி பாருங்கள். நிற்கும்போது நிமிடத்துக்கு நாற்பதுக்குள் இருக்கும். நடந்து வந்து கால் மணி நேரம் ஆகியும் அறுபதுக்குக் கீழே இறங்காவிட்டால் அன்றைக்குப் பயணம் அவ்வளவுதான். உடம்பில் தண்ணீர் ஊற்றி ஊற்றி வழித்துவிடுங்கள், பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போன் செய்யுங்கள். இதற்காகவே மினி லாரி ஒன்று, தரையில் வைக்கோல் பரப்பி, பெரியதாழையில் ஒரு நாளும் மணப்பாட்டில் ஒரு நாளும் டிரைவரோடு நிற்கட்டும்.