ஸ்வீட் ஹோம் 3டி என்ற இலவச வீட்டுப் பட சாஃப்ட்வேரில் முற்றத்துக்கு மேல் கண்ணாடிக் கூரை போட்டுக் காட்டுவது எப்படி? ஜன்னலை எடுத்து மேலே வைத்தால் ஓட்டை விழ மாட்டேன் என்கிறதே?

விழாது. அதிலுள்ள ஜன்னல் சுவரை மட்டும்தான் வெட்டும், சீலிங்கைத் தொடாது. ஒரு ராத்திரி முழுக்க அதோடு மல்லுக்கட்டியவன் சொல்கிறேன், ஜன்னலை விட்டுவிடுங்கள்.

நீங்களும் அநேகமாக என்னைப் போல ரூமுக்குள் டபுள் கிளிக் செய்து நிரப்பியிருப்பீர்கள். அது சுவர் வரைக்கும் பாயும். முற்றத்தைச் சுற்றித் தூண்தானே இருக்கிறது, சுவர் ஏது? அதனால் முற்றமும் தாழ்வாரமும் ஒரே துண்டாகிவிடும். அதை அழித்துவிட்டு, முற்றத்தைத் தனி ரூமாகவும் தாழ்வாரத்தை நான்கு துண்டாகவும் புள்ளி வைத்து வரையுங்கள். முற்றத்து ரூமில் மட்டும் 'டிஸ்ப்ளே சீலிங்' டிக்கை எடுத்தால் வானம் தெரியும். இனி மேலே கண்ணாடியை வைக்க வேண்டியதுதான்.

வைப்பதற்கு முன்னால் என் கதையைக் கேளுங்கள். கும்பகோணம் பக்கம் சித்தப்பா பழைய ஓட்டு வீட்டை இடித்துக் கான்கிரீட்டில் கட்டினார். முற்றம் மட்டும் வேண்டும் என்று சித்தி பிடிவாதம். மழை, குரங்கு இரண்டும் உள்ளே வரக்கூடாது என்பதால் கண்ணாடி. பத்தடிக்கு எட்டடி. படம் போடுவது என் பொறுப்பு. தாழ்வாரத்துச் சீலிங் பத்தடி உயரம், அதாவது 305 சென்டிமீட்டர். அந்த மட்டத்திலேயே ஒரு பலகை போலக் கண்ணாடியைப் படுக்க வைத்தேன். காலை எட்டு மணி வெயில், கீழே இரண்டு தொட்டிச் செடி, ஒரு ஊஞ்சல். போட்டோ எடுக்கும் பெட்டியில் 'ஆட் சீலிங் லைட்ஸ்' டிக் இருந்ததையும் நான் கவனிக்கவில்லை. தாழ்வாரத்தில் இல்லாத விளக்கெல்லாம் எரிந்து, படம் கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது. சித்தி பார்த்துவிட்டு, "இதேதான்டா, இதுல ஒரு இஞ்சு மாறக்கூடாது" என்றார்.

மாறவில்லை. ஃபேப்ரிகேஷன் ஆள் போனில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு அப்படியே அடித்துவிட்டார். வாட்டம் இல்லை, ஏனென்றால் என் படத்தில் வாட்டம் இல்லை. முதல் மழைக்கே நடுவில் தண்ணீர் தேங்கி, மாவிலையும் புழுதியும் படிந்து, கீழிருந்து பார்த்தால் குட்டை. காற்று போக வழியும் இல்லை. கண்ணாடி வெயிலை உள்ளே விடும், சூடான தரையிலிருந்து கிளம்பும் வெப்பத்தை அதே வேகத்தில் வெளியே விடாது. சித்திரையில் சித்தியிடமிருந்து போன்: "வடாம் நல்லா காயுதுடா. கூடவே நாங்களும் காயுறோம்."

உடனே சிலர் 'இது டிசைன் தப்பு, சாஃப்ட்வேர் என்ன செய்யும்' என்பீர்கள். சரிதான், நான் என்ஜினியர் இல்லை, சொல்லிக்கொண்டதும் இல்லை. 'வேறு 3டி சாஃப்ட்வேர், ஸ்கெட்சப் இல்லையா, பிளெண்டர் இல்லையா' என்று வருபவர்களுக்கு: இருக்கிறது, தெரியும். என் பழைய லேப்டாப்பில் ஓடியது இதுதான். என்னைக் குறை சொன்ன அதே சொந்தக்காரர்கள் இன்றைக்கும், "ஒரு சின்னப் படம்தானே, அஞ்சு நிமிஷ வேலை" என்று இலவசமாகக் கேட்டு வருகிறார்கள். மேஸ்திரிக்கு டீ வாங்கிக் கொடுப்பவர்கள், படம் போடுபவனுக்கு அதுகூட வாங்கித் தருவதில்லை. அது கிடக்கட்டும்.

கடைசியில் கண்ணாடியைக் கழற்றி, இரும்பு பைப்பில் கால் கொடுத்து ஒரு அடி தூக்கி, சுற்றிலும் வலை அடித்து, ஒரு பக்கம் வாட்டம் வைத்தார்கள். கழற்றும்போதுதான் அதன் கனம் புரிந்தது: 12 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ, மொத்தம் 220 கிலோவுக்கு மேல். தலைக்கு மேல் என்பதால் லேமினேட்டட் (உடைந்தாலும் சில்லுகள் நடுவிலுள்ள படலத்தில் ஒட்டி நிற்கும்), அது ஒன்றையாவது சித்தப்பா சரியாகக் கேட்டு வாங்கியிருந்தார்.

ஆகவே நீங்கள் வரையும்போதே தூக்கி வரையுங்கள். இந்த சாஃப்ட்வேரில் சீலிங்குக்குத் தடிமன் கிடையாது, வெறும் தாள். சீலிங் 305 என்றால், தளத்துக்கு 12, காற்றுக்கு 30 கூட்டி, 347-ல் கண்ணாடியின் தாழ்ந்த ஓரம் வரட்டும். 'மிசலேனியஸ்' பட்டியலில் உள்ள பெட்டியை ('பாக்ஸ்') எடுத்து உயரம் 1.2 சென்டிமீட்டர் ஆக்கி, கொஞ்சம் சாய்த்துவிடுங்கள். ஃபிரேம் பைப்புக்கும் அதே பெட்டிதான், ஒல்லியாக. அதை விட்டுவிட்டால் கண்ணாடி அந்தரத்தில் நிற்கும், ஃபேப்ரிகேஷன் ஆள் தன் இஷ்டத்துக்கு ஒன்றை அடிப்பார்.

அப்புறம் காம்பஸில் வடக்கைத் திருப்பி, உங்கள் ஊரை வையுங்கள். கும்பகோணத்தில் ஏப்ரல் மூன்றாவது வாரம், பகல் பன்னிரண்டு பத்து வாக்கில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்தத் தேதி, அந்த நேரம் கொடுத்து, சீலிங் லைட் டிக்கை எடுத்து, கண்ணாடியை மட்டும் மறைத்து, உயர்ந்த தரத்தில் ஒரு போட்டோ எடுங்கள். வெயில் ஊஞ்சல் மேல் விழுகிறதா, சோபா மேலா என்று வீட்டில் காட்டுங்கள். சித்தியிடம் அன்றைக்கு இந்தப் படத்தைக் காட்டியிருந்தால் ஊஞ்சலைத் தாழ்வாரத்துக்குத் தள்ளியிருப்பார்.

பெட்டி சாம்பல் பலகையாகத்தான் தெரியும், கண்ணாடியாக ஆகாது. அதைத் தேர்ந்தெடுத்து ஓபிஜே (OBJ, வடிவம் இருக்கும்) கோப்பாக எக்ஸ்போர்ட் செய்தால் கூடவே ஒரு எம்டிஎல் (MTL, நிறமும் ஒளி ஊடுருவலும் இருக்கும்) கோப்பும் வரும். அந்த எம்டிஎல்லை நோட்பேடில் திறந்து, ஆங்கில 'd' (சின்ன எழுத்து) என்று தொடங்கும் வரியில் 0.3 போடுங்கள், அந்த வரி இல்லையென்றால் நீங்களே சேர்த்துவிடுங்கள். ஒன்று என்றால் முழுச் சுவர், பூஜ்யம் என்றால் ஒன்றுமே தெரியாது. இரண்டு கோப்பையும் ஒரே ஜிப்பில் கட்டி இம்போர்ட் செய்யுங்கள். ஓபிஜேயை மட்டும் தனியாகக் கொடுத்துவிட்டு நான் மூன்று தடவை அதே சாம்பல் பலகையைப் பார்த்தேன்.