160 கிலோமீட்டர்: கால் தாங்கும், உட்காரும் இடம் தாங்குமா?

கேள்வி: எனக்கு வயது 43. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. குழந்தைகளின் மருத்துவச் செலவுக்கு நிதி திரட்டும் சைக்கிள் பயணம் ஒன்றில், தோழிகள் பேச்சைக் கேட்டுப் பெயர் கொடுத்துவிட்டேன். ஒரே நாளில் 160 கி.மீ. இன்னும் 12 வாரம் இருக்கிறது. இப்போது வாரம் இரண்டு நாள் 20 கி.மீ. ஓட்டுகிறேன். 25-ஐத் தாண்டினால் கை மரத்துப்போகிறது, முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது, உட்காரும் இடம் எரிகிறது. முன்கூட்டியே ஒருமுறை 160 கி.மீ. ஓட்டிப் பார்த்துவிட வேண்டுமா? இருக்கிற சைக்கிளே போதுமா? பணம் தருவதாகச் சொன்னவர்களை நினைத்தால் பின்வாங்கவும் மனம் வரவில்லை.
– ஒரு வாசகி

பதில்: 160-ஐ முன்கூட்டி ஓட்டிப் பார்க்க வேண்டாம். 110 வரை போய்ப் பழகியிருந்தால் போதும். காரணம் பின்னால் வருகிறது. சைக்கிளையும் மாற்ற வேண்டாம், அதன் அளவு உங்கள் உடம்புக்குப் பொருந்துமானால்.

உங்கள் கடிதத்தில் மூச்சு வாங்குகிறது என்றோ தொடை சோர்ந்துபோகிறது என்றோ ஒரு வார்த்தை இல்லை. கை, முட்டி, உட்காரும் இடம் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். புதியவர்கள் நெடுந்தூரப் பயணத்தில் பாதியில் இறங்குவது பெரும்பாலும் இந்த மூன்றாலும், நான்காவதாக வயிற்றாலும்தான். தொடையும் நுரையீரலும் 12 வாரத்தில் ஓட்ட ஓட்டத் தேறிவிடும். சைக்கிளை உடம்பு தொடுகிற இடங்கள் அப்படித் தேறாது. அளவு தப்பாக இருந்தால் பயிற்சி கூடக் கூட வலியும் கூடும். எனவே முதல் வாரத்தில் கையில் எடுக்க வேண்டியவை அளவு டேப்பும், சைக்கிள் திருகுகளைத் தளர்த்தி இறுக்கும் அறுகோணச் சாவியான ஆலன் கீயும்.

சீட் உயரத்திலிருந்து தொடங்குங்கள். வெறுங்காலோடு சுவரை ஒட்டி நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே, சீட் அழுத்துகிற அளவுக்கு மேலே இறுக்கிப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து தரை வரை உள்ள அளவை 0.883-ஆல் பெருக்குங்கள். 76 செ.மீ. என்றால் விடை 67 செ.மீ. பெடல் கைகள் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை, சீட் கம்பியின் சாய்வை ஒட்டி அளக்கும்போது இந்த எண் வர வேண்டும். இது தொடக்கப் புள்ளிதான். சரிபார்க்க, சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. பிறகு முன்பாதத்தை வைத்து மிதித்தால் முட்டி தானாகவே 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்கும்.

முட்டியின் முன்பக்கம் வலித்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தாழ்ந்த சீட்டைத்தான். முட்டி அளவுக்கு மேல் மடங்கி மடங்கி, முட்டிச் சில்லு தொடை எலும்போடு அழுத்தி உரசுகிறது. பின்பக்கம் வலித்தால் சீட் ஏறிப்போயிருக்கலாம். உயர்த்துவதானால் ஒரு தடவைக்கு 5 மி.மீ. மட்டும். இரண்டு முறை ஓட்டிப் பார்த்த பிறகு அடுத்த 5 மி.மீ. பழைய உயரத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி வைத்தால், தப்பினால் திரும்பலாம்.

முட்டி வலிக்கு இன்னொரு காரணம் கனமான கியர். மெதுவாக அழுத்தி மிதிப்பதுதான் வலிமை என்று பலரும் நினைக்கிறார்கள். ஒவ்வொரு மிதியிலும் முட்டிமேல் விழும் பாரம் அதில்தான் அதிகம். நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று வரும்படி லேசான கியரில் ஓட்டுங்கள். வலது முட்டி மேலே வருவதை 15 விநாடி எண்ணுங்கள். 20-க்கும் 22-க்கும் நடுவே வந்தால் சரி. முதல் வாரம் கால்கள் சும்மா சுழல்வதுபோலத் தோன்றும், பிறகு பழகிவிடும்.

கை மரத்துப்போவது பெரும்பாலும் கையின் தவறல்ல. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கும். அதைத் தடுக்க உள்ளங்கைகள் இரவல் வேலை பார்க்கும். மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைச் சீட்டின்மேல் வைத்து அதைச் சமமாக்குங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால், உள்ளங்கையின் அடிப்புறத்தில் சுண்டுவிரல் பக்கமாகப் போகும் நரம்பு நசுங்குகிறது என்று பொருள். ஹேண்டில்பாரை ஒன்றிரண்டு செ.மீ. உயர்த்துங்கள், முழங்கையை லேசாக மடக்கி வையுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடிக்கும் இடத்தை மாற்றுங்கள். ஜெல் வைத்த கையுறை இதற்கெல்லாம் பிறகுதான். சைக்கிளை விட்டு இறங்கி ஒரு நாள் ஆகியும் மரமரப்பு போகவில்லை என்றால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இனி உட்காரும் இடம். எரிச்சல் என்றதும் மெத்தென்ற அகல சீட்டோ, சீட்டுக்கு ஜெல் உறையோ வாங்கத் தோன்றும். அரை மணி நேரத்துக்கு அது சுகம். நான்கு மணி நேரத்தில் உட்காரும் எலும்புகள் மெத்தைக்குள் புதைந்து, நடுவில் மென்மையான பகுதியின்மேல் பாரம் ஏறிவிடும். வேண்டியது ஓரளவு கெட்டியான, உங்கள் எலும்பின் அகலத்துக்கு ஏற்ற சீட். நெளிவு அட்டை ஒன்றைக் கெட்டியான படிக்கட்டில் வைத்து, சற்று முன்சாய்ந்து உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழி விழும். குழிகளின் நடுவிலிருந்து நடுவரை அளந்து, அதோடு 2 முதல் 3 செ.மீ. கூட்டினால் வருவது தோராயமாக உங்கள் சீட்டின் அகலம். பெண்களுக்கு இந்த எலும்புகள் சராசரியாகச் சற்று விலகி இருப்பதால், சைக்கிளோடு வந்த ஒடுங்கிய சீட் பொருந்தாமல் போவது சகஜம். புதிய சைக்கிளுக்கு வைத்திருந்த காசை இங்கே செலவழிக்கலாம்.

பேட் தைத்த சைக்கிள் ஷார்ட்ஸை உள்ளாடை இல்லாமல்தான் அணிய வேண்டும். இதைக் கூச்சப்பட்டு யாரும் சொல்வதில்லை. உள்ளாடையின் தையல் ஓரம்தான் பல பேருக்குப் புண்ணுக்குக் காரணம். 60 கி.மீ.க்கு மேல் ஓட்டும் நாளில் உராயும் இடத்தில் அதற்கான க்ரீமோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 15 விநாடி பெடல்மேல் எழுந்து நின்று ஓட்டுங்கள், ரத்தம் திரும்ப ஓடட்டும். வீடு வந்ததும் முதல் வேலை ஷார்ட்ஸைக் கழற்றிக் குளிப்பது.

பயிற்சிக்கு வாரம் மூன்று நாள் போதும். விடுமுறை நாளின் நீண்ட ஓட்டம்தான் முதுகெலும்பு. முதல் மூன்று வாரம் 30, 38, 46 கி.மீ. நான்காம் வாரம் 32-க்கு இறங்குங்கள். பிறகு 55, 66, 78, மறுபடி 55-க்கு இறக்கம். ஒன்பதாம் வாரம் 92, பத்தாம் வாரம் 110, பதினொன்றில் 60. பன்னிரண்டாம் வாரக் கடைசியில் பயண நாள். நடுவில் வரும் இறக்கங்கள் சோம்பலுக்காக அல்ல. தசையை விட, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் மெதுவாகத்தான் தேறும், அதற்கான இடைவெளி அது. நீண்ட ஓட்டத்தில் வேகம் எப்படி இருக்க வேண்டும் என்றால், பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும்.

வார நாள் இரண்டில் ஒன்று, 45 நிமிடம் லேசான ஓட்டம். இன்னொன்றில் 15 நிமிடம் சூடேறிய பிறகு, நாலைந்து சொல்லுக்கு மேல் பேச முடியாத வேகத்தில் 8 நிமிடம், லேசாக 4 நிமிடம் என்று மூன்று முறை. ஆறாம் வாரத்துக்குப் பிறகு அந்த 8-ஐ 12 ஆக்கலாம். நீங்கள் இதுவரை கடுமையாக உடற்பயிற்சி செய்ததில்லை என்றாலோ, ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு ஏதாவது இருந்தாலோ, இந்த வேக ஓட்டத்துக்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

காய்ச்சலிலோ வேலையிலோ ஒரு வாரம் போய்விட்டால் விட்ட தூரத்தைச் சேர்த்து ஓட்டாதீர்கள். கடைசியாக ஓட்டிய தூரத்தை மறுபடி ஓட்டிவிட்டு அங்கிருந்து தொடருங்கள். முழங்கால் காயங்கள் பலவும் இப்படி ஈடுகட்டும் வாரத்தில்தான் வருகின்றன.

110-இல் ஏன் நிறுத்துவது? 160-ஐ ஒருமுறை ஓட்டினால் உடம்பு முழுசாகத் தேற ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும், பயிற்சி நின்றுபோகும். 110-இல் ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம் சைக்கிள்மேல் இருப்பீர்கள். அதற்குள் சீட், கை, கழுத்து, வயிறு எல்லாமே தங்கள் குறைகளைச் சொல்லிவிடும். மீதி 50 கி.மீ.யைத் தருவது நிதானமும் சாப்பாடும்.

சாப்பாட்டில்தான் நிறையப் பேர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். தசையிலும் கல்லீரலிலும் இருக்கும் மாவுச்சத்து இருப்பு ஏறக்குறைய 400 முதல் 500 கிராம். வேகமாக மிதித்தால் இரண்டு மணி நேரத்தில் அது அடிமட்டத்துக்கு வந்துவிடும். அப்போது கால் திடீரென்று கல்லாகும், தலை சுற்றும், காரணமில்லாமல் அழுகையோ எரிச்சலோ வரும். அந்த நிலையில் சாப்பிட்டால் தேற அரை மணி நேரமாவது ஆகும். அதனால் பசிக்காகக் காத்திருக்காமல், கிளம்பி 30–40 நிமிடத்திலேயே சாப்பிடத் தொடங்கி, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கிறது. 750 மி.லி. பாட்டிலில் 45 கிராம் சர்க்கரையும் கால் டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக உப்பும் கரைத்தால் விளையாட்டு பானம் வீட்டிலேயே தயார். சர்க்கரையை அதற்கு மேல் கெட்டியாக்காதீர்கள். வயிற்றிலேயே தங்கிக் குமட்டும்.

தண்ணீர் மணிக்கு 500 முதல் 750 மி.லி., வெயிலில் சற்றுக் கூடுதல். உங்கள் அளவைக் கண்டுபிடிக்க நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் பற்றாக்குறை என்று வைத்துக்கொள்ளலாம். எடை ஏறியிருந்தால் தேவைக்கு மேல் குடிக்கிறீர்கள். வெறும் தண்ணீரை அளவு மீறிக் குடித்து ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போவது, தாகத்தை விட ஆபத்து. எதைச் சாப்பிடப் போகிறீர்களோ அதையே 78 கி.மீ. வாரத்திலிருந்து சாப்பிட்டுப் பழகுங்கள். வயிற்றுக்கும் ஒத்திகை வேண்டும்.

சைக்கிளைப் பொறுத்தவரை முதலில் டயர். பக்கச்சுவரில் எழுதியிருப்பது உச்ச வரம்பு, அடிக்க வேண்டிய காற்று அல்ல. 28 மி.மீ. டயர், 65 கிலோ எடை என்றால் முன்னால் 60, பின்னால் 65 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வைத்துத் தொடங்கிப் பாருங்கள். கல்லாக அடித்தால் சாலையின் அதிர்வெல்லாம் கைக்கும் உட்காரும் இடத்துக்கும் வரும். குறைத்தால் குழியில் இறங்கும்போது ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல இரண்டு ஓட்டை விழும். பஞ்சரானால், புதிய ட்யூப் போடுமுன் டயரின் உட்புறம் முழுக்க விரலை மெதுவாக ஓட்டி முள்ளோ கண்ணாடியோ இருக்கிறதா என்று பாருங்கள். அதை விட்டுவிட்டால் புதிய ட்யூபும் ஐந்து நிமிடத்தில் போகும். இரண்டு ட்யூப், டயரை நெம்பிக் கழற்றும் டயர் லீவர், பம்ப், ஒட்டுப்பட்டை, ஆலன் கீ தொகுப்பு எப்போதும் உடன் இருக்கட்டும். பின்சக்கர ட்யூபை வீட்டிலேயே இரண்டு முறை கழற்றி மாட்டிப் பழகுங்கள்.

செயின் தேய்ந்துவிட்டதா என்று ஸ்கேலிலேயே பார்க்கலாம். புதிய செயினில் ஊசிக்கு ஊசி 24 கண்ணி 304.8 மி.மீ. இருக்கும். 306.5-ஐ நெருங்கினால் மாற்றுங்கள். சர்வீஸ், டயர், செயின், ஷூ எல்லாம் கடைசி இரண்டு வாரத்துக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். பயண நாளன்று உடம்பிலோ சைக்கிளிலோ வயிற்றிலோ புதிதாக எதுவும் கூடாது.

கடைசி வாரம் 40 நிமிட ஓட்டம் இரண்டு, நடுநடுவே ஒரு நிமிட வேகம் நாலைந்து முறை. அவ்வளவுதான். பயண நாளில் முதல் 30 கி.மீ. மெதுவாகத் தோன்றினால் சரியாகப் போகிறீர்கள். கூட்டத்தின் உற்சாகத்தில் வேகம் பிடித்தால் அதற்கான விலையை 120-ஆவது கிலோமீட்டரில் கொடுப்பீர்கள். காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப்படி ஏறுகிறது, அதாவது வேகம் கால் பங்கு கூடினால் அந்தச் சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்கு. மணிக்கு 20 கி.மீ. என்றால் ஓட்டம் 8 மணி நேரம். கால் மணி நேர நிறுத்தம் நான்கு சேர்த்தால் 9. முடிக்க வேண்டிய நேரக் கெடு எது என்று அமைப்பாளர்களிடம் இப்போதே கேளுங்கள். நிறுத்தங்கள் நீண்டுபோவதால்தான் பல பேர் கெடுவைத் தவறவிடுகிறார்கள்.

பணம் தருவதாகச் சொன்னவர்களிடம் ஒன்றை முன்பே பேசிவிடுங்கள். ‘முடித்தால் தருகிறேன்’, ‘கிலோமீட்டருக்கு இவ்வளவு’ என்ற வாக்குகளை, முடித்தாலும் முடிக்காவிட்டாலும் தரும் ஒரு தொகையாக மாற்றக் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பயணத்துக்கு முன்பே வாங்கிவிட்டால் இன்னும் நல்லது. நெஞ்சு வலி, தலைச்சுற்றல், வியர்வை நின்று குளிர் நடுக்கம், மிதிக்க மிதிக்கக் கூர்மையாகும் முட்டி வலி, இவற்றில் ஒன்று வந்தாலும் இறங்க வேண்டும். அந்த நேரத்தில் யாருடைய பணமும் உங்கள் கணக்கில் குறுக்கே வரக் கூடாது. பயணத்தோடு வரும் துணை வண்டியின் எண்ணைக் கிளம்புமுன் போனில் பதிந்து, ஒரு துண்டுத் தாளிலும் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். 130-ஆவது கிலோமீட்டரில் போனில் சார்ஜ் இருக்கும் என்று நம்ப முடியாது.